இடக்கைப் பூச்சு

உர்ரென்று ஓர் இழுவை, நடுவில் ஒரு விக்கல், மறுபடி இழுவை. கீழே எங்கோ கொண்டை ஊசி வளைவில் ஒரு வண்டி கியர் மாற்றுகிறது. இன்னும் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பள்ளத்தாக்கில் விளிம்பு வரை பனி நிற்கிறது, யோகா ஹாலின் கூரை இருட்டோடு இருட்டாகக் கிடக்கிறது, என் கையிலிருக்கும் தேங்காய் மட்டைகூடக் கைக்குத்தான் தெரிகிறது, ஆனால் சத்தம் வந்துவிட்டது. குட்டியானை வண்டிதான். ஜீப் என்றால் இப்படி முக்காது, பால் வண்டி என்றால் இவ்வளவு பாரம் இழுக்காது. காசிராஜன் மேஸ்திரி பூச்சு ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறார். புரட்டாசிக் கடைசி. ஐப்பசி மழை இறங்குவதற்குள் இந்த மண் சுவருக்கு ஒரு கை பூசியாக வேண்டும், வருஷா வருஷம் நடக்கிற காரியம், இதில் நெஞ்சு அடித்துக்கொள்ள என்ன இருக்கிறது. அடித்துக்கொள்கிறது. அந்த வண்டியில் சௌந்தரம் இருப்பாள். இருக்கலாம். போன வருஷம் பூச்சு முடிந்த அன்று இதே வண்டியின் பின்பக்கம் கால் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவள், தம்பி மகள் சடங்குக்கு என்று சொல்லிப் போனவள், போனவள் போனவள்தான். என் பெண்டாட்டி. முதலில் போனில் வரேன் வரேன் என்றாள். பிறகு, ‘அடுத்த பூச்சுக்கு வரேன், இப்ப என்னத்துக்கு’ என்றாள். அப்புறம் அந்த நம்பரே உயிரோடு இல்லை. பல்லடம் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலில் சமையல் செய்கிறாளாம். காசிராஜனிடம் புது நம்பர் இருக்கிறது, கேட்டால், ‘குடுக்க வேணாம்னு சொல்லிருக்கு தவமணி, என்னையச் சங்கடத்துல விடாத’ என்கிறார். சரி, நம்பர் வேண்டாம், பூச்சுக்கு மட்டும் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டிருக்கிறார். ‘வரேன்னு சொல்லுச்சு, பாப்பம்’ என்றார் நேற்று. அந்தப் ‘பாப்பம்’ ராத்திரி முழுக்க என்னோடு சேர்ந்து காவல் சுற்றியது, வேலியோரம் வந்தது, குளத்தடிக்கு வந்தது, நான் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது.

வேலையைப் பார். விடிவதற்குள் சுவர் முழுக்க ஈரம் குடித்திருக்க வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் புது மண்ணைப் பூசினால் ஒட்டாது, வெயில் ஏறினதும் அப்பளமாகக் கிளம்பிவிடும். அதற்காக அள்ளி ஊற்றவும் கூடாது, சிமெண்டுச் சுவரா இது, கரைந்து காலடிக்கு வந்துவிடும். மட்டையை வாளியில் முக்கி, உதறி, ஒத்தி ஒத்தி, கீழிருந்து மேலாக. ராத்திரிக் காவல்காரனுக்கு இது வேலையில் சேர்த்தி இல்லைதான். ஆனால் ஆட்கள் வருமுன் யாராவது நனைக்க வேண்டும், இந்த மலையில் சம்பளத்துக்கு விழித்திருப்பவன் நான் ஒருத்தன். வட்டமான ஹால், சுற்றி வந்துவிட்டேன், மிச்சம் கிழக்கு வாசலுக்கும் முதல் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு துண்டு. அவள் துண்டு. மூன்று தடவை வாளியோடு அதன் முன்னால் வந்து நின்றுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். சௌந்தரம் இடது கைக்காரி. கடைசிப் பூச்சுக்குக் கரண்டி தொடக் கூடாது, உள்ளங்கையால்தான் இழுக்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் அம்மா சொல்லிவிட்டதால் ஒவ்வொருத்தர் கையும் சுவரில் நிற்கிறது. பகலில் தெரியாது. விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் தெரியும், மீன் செதில் மாதிரி, எல்லார் செதிலும் ஒரே பக்கம் சாய்ந்து வந்துகொண்டே இருக்கும், இந்தத் துண்டு வந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் சாயும். ‘பீச்சாங்கையால சாமி கும்புடற எடத்தப் பூசுறா பாரு’ என்று கூடப் பூசும் அன்னக்கொடி சீண்டுவாள். ‘இது சாமி கும்புடற எடமில்லடி, குட்டிக்கரணம் போடுற எடம், பீச்சாங்கை போதும்’ என்பாள் சௌந்தரம். சாரம் முழுக்கச் சிரிக்கும். மௌன விரதத்துக்கு வந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் இன்றைக்கும் அந்தத் துண்டில் முதுகு சாய்த்துத்தான் கண்ணை மூடுகிறார்கள், அங்கேதான் காலை வெயில் முதலில் விழுகிறது. எவர் முதுகுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். அடைமழையில் அடிப்பக்கம் கொஞ்சம் கழுவிப் போயிற்று. இன்றைக்குப் பூசிவிட்டால் மேலேயும் போய்விடும்.

போகத்தானே கட்டியது. மிருதுளா அம்மா, அதுதான் ஆர்க்கிடெக்ட், புதுச்சேரியிலிருந்து பைக்கிலேயே வருவார், கட்டட வேலை நடந்த காலத்தில் ராத்திரி என் கொட்டகையில் நெருப்பு காய்ந்துகொண்டு சொன்னார்: ‘நாளைக்கு இங்க யாருமே வராமப் போயிட்டாங்கன்னு வைங்க தவமணி. கூரைய மட்டும் எடுத்துட்டா போதும். நாலஞ்சு மழையில இந்த ஹால் மறுபடி மலையாயிடும். ஒரு கூடை ஜல்லி மிஞ்சாது.’ எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது. மண் எடுத்த குழியே குளம், குளத்துத் தண்ணீரே குளியலறைக்கு, குளித்த தண்ணீரே வாழைக்கு. ஓடு முழுக்கக் கீழே இடித்த வீடுகளில் வாங்கினது. கூரை சுவரைத் தொடாமல் மூங்கில் மேல் தனியாக நிற்கிறது, இடைவெளியில் காற்று போய் வருகிறது, ஃபேன் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், அந்த அம்மா விட்டுப்போன புத்தகங்களை ராத்திரியில் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படம் பார்த்துப் படித்தேன், எங்கெங்கோ தேசத்தில் மண்ணில் மசூதி கட்டி, ஊரே கூடி வருஷம் ஒரு தடவை பூசுகிறார்கள், திருவிழா மாதிரி. சௌந்தரத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். நான் அறைக்குப் போகும்போது அவள் தலைக்குத் துண்டு கட்டிக் கிளம்பிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் சொல்லலாம் என்றால் சாயங்காலம் நான் கிளம்புவேன். சொல்லவே இல்லை. தடம் இல்லாமல் மலையோடு போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குள்ளேயே பூரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் அறையைக் கூட்டும்போது பார்க்கிறேன், சீப்பு இல்லை, பழைய செருப்பு இல்லை, சடங்குக்குப் போகிறவள் எதற்கு இட்டிலித் துணியை எடுத்துப் போனாள், கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டைக்கூட உரித்துப் போயிருக்கிறாள். ஒரு கூடை ஜல்லி மிஞ்சவில்லை. நாலு மழைகூட வேண்டியிருக்கவில்லை.

சத்தம் நின்றுவிட்டது. எங்கே நின்றது. வளைவில் மலை மறைத்தால் சத்தம் கம்மும், பிறகு வரும், இது அப்படி இல்லை, இன்ஜினே அமர்ந்துவிட்டது. பன்னிரண்டாம் வளைவாக இருக்கும், அங்கேதான் ஒதுங்க இடம். நின்றால் நல்லது. நின்றால் அவள் இருக்கிறாள். சௌந்தரத்துக்கு மலை ஏற்றம் ஆகாது, குமட்டும், எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டே வருவாள், ஆனாலும் பாதி மலையில் வண்டி நிற்கும். டிரைவர் திரும்பிப் பார்த்து, ‘அக்கா ஸ்டாப்பிங் எறங்குங்க’ என்பான். முதல்முதலாக நாங்கள் இரண்டு பேரும் இங்கே வேலைக்கு வந்த அன்றும் அங்கேதான் நின்றது. நான் அவள் முதுகைத் தடவினேன், ‘ஊரே பாக்குது, கைய எடுங்க’ என்றாள், எடுத்தேன், எடுத்ததும் திரும்பிப் பார்த்தாள். எடுத்திருக்கக் கூடாதோ. அதை இப்போது ஏன் நோண்ட வேண்டும். வாயைக் கொப்பளித்துக்கொண்டிருப்பாள். அன்னக்கொடி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். இல்லை, காட்டு மாடாக இருக்கும், ரோட்டில் நின்றால் லேசில் நகராது. இல்லை, பிரேக் பிடிக்கவில்லை. இல்லை, பனியில் விளிம்பு தெரியாமல். சீ. காதில் இப்போது எதுவும் இல்லை, எதுவும் இல்லாத இடத்தில் மில் சத்தம் வந்து உட்காருகிறது. இருபது வருஷம் நூற்புக் கதிர்களுக்கு நடுவே ராத்திரி ஷிப்டு, மில்லை மூடினான், சத்தத்தை மூடவில்லை, அமைதியாக இருந்தால் காதுக்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அமைதி தேடி ஜனம் இங்கே காசு கொடுத்து வருகிறது, நான் அமைதிக்குப் பயந்து தவளைச் சத்தம் கேட்கும் இடமாகப் பார்த்து நிற்கிறேன். கல்யாணமான புதிதில் ராத்திரிக்குப் படி அதிகம் என்று போனேன். பிறகு பகலுக்கும் ராத்திரிக்கும் படி ஒன்றே ஆனது, நான் ராத்திரிக்காரன் ஆகிவிட்டேன். மில்லில் ஸ்டிரைக் நடந்த வாரம் மட்டும் இரண்டு பேரும் ஒரே இருட்டில் படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுந்து வாசலில் உட்கார்ந்தேன், அவளும் வந்து உட்கார்ந்தாள். ‘என்ன, தூங்கலையா?’ ‘பழகல.’ அவள் சிரித்தாள். சிரித்தாளா? இருட்டில் மூச்சு விட்டதை நான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேனா. இத்தனை வருஷம் சிரித்தாள் என்றுதான் வைத்திருந்தேன்.

வந்துவிட்டது. உர்ரென்று, கிட்டத்தில், மூங்கில் தோப்புக்கு அந்தப் பக்கம். கிழக்கே பனி சாம்பல் நிறமாகிறது, கூரையின் விளிம்பு வந்துவிட்டது, குளத்தில் ஏதோ ஒரு பறவை தண்ணீரைக் கீறிக்கொண்டு போகிறது. முதல் வார்த்தை என்ன சொல்வது. ‘வந்தியா.’ வந்து நிற்பவளை வந்தியா என்றால் கிண்டலாகப் போய்விடும். ‘சாப்பிட்டியா.’ விடியக்காலையில் யார் சாப்பிடுவார்கள், வேண்டுமானால் வாந்தி எடுத்தியா என்று கேட்கலாம். எதுவும் கேட்காதே. நேராக விஷயத்தைச் சொல். கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து எனக்குப் பகல் டூட்டி, மேனேஜரிடம் பேசி முடித்துவிட்டேன், தண்ணீர்த் தொட்டியும் வாழையும் உரக்குழிக் கக்கூசும் என் பொறுப்பு, சம்பளம் கொஞ்சம் கம்மி, பரவாயில்லை, ராத்திரியில் இனி அறையில்தான் இருப்பேன். மேனேஜர் ஆச்சரியப்பட்டார், ‘ராத்திரி ஆளுன்னா நீதாம்ப்பா, உனக்கு என்ன திடீர்னு’ என்றார். யாரிடமும் சொல்லவில்லை. காசிராஜனிடம் சொல்லி அவர் போனில் சொல்லி, அது வாய் மாறி வாய் மாறிப் போய்ச் சேர வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் சவரம் செய்ததில் தாடையில் ஒரு வெட்டு, தொட்டால் இன்னும் பிசுபிசுக்கிறது. சலவைச் சட்டை, அதைப் போட்டுக்கொண்டு சுவர் நனைப்பவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவளை அந்தத் துண்டுக்கு முன்னால் நிறுத்தி, பூசுமுன் பார்த்துக்கொள், இதோ உன் கை என்று காட்டுவேன். போனில் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், ‘ஒன் பூச்சு இன்னும் நிக்குது, தெனமும் பாக்குறேன்’ என்று. அதற்குப் பிறகுதானே அந்த நம்பர் இல்லாமல் போனது. அதற்குப் பிறகா, அதற்கு முன்பா. வாளியைக் கீழே வை. மட்டையை வாளியில் போடு. கையைச் சட்டையில் துடைக்காதே.

வாசல் மூங்கில் தட்டிக்குக் கீழேயே இன்ஜினை அணைத்துவிட்டார்கள். காலை மணி அடிக்கும் வரை வளாகத்துக்குள் குரல் கூடாது, ஹாரன் கூடாது, செருப்புச் சத்தம்கூடக் கூடாது. வண்டி அங்கேயே நிற்கிறது. நான் இறங்கி ஓடவில்லை, நடக்கிறேன், ஓடினால் சரளை கத்தும். முதலில் காசிராஜன், தலையில் மஃப்ளர். என்னைப் பார்த்ததும் வண்டியின் சக்கரத்தைப் பார்க்கிறார். பின்னால் இரண்டு ஆண்கள், வைக்கோல் மூட்டைகள், மூட்டை மேல் ஒரு பெண் உருவம், எழுந்து, சேலையை உதறிக்கொண்டு இறங்குகிறது. அன்னக்கொடி. அதற்குப் பின்னால் ஒரு பெண், சின்னப் பெண், தெரியாத முகம், வாயைத் துடைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தோடு. அதற்குப் பின்னால் வண்டியின் பலகை.

‘என்னண்ணே,’ அன்னக்கொடி கிசுகிசுக்கிறாள், ‘பூச்சு வேலைக்கு ஆளு கேட்டா மாப்பிள்ளையில்ல வந்து நிக்கிது. சலவைச் சட்டை என்ன, சவரம் என்ன.’ சொல்லி முடிக்குமுன் அவள் முகமே அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நான் வண்டிக்குள் இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன். வைக்கோல்.

‘வரலையா?’ என்கிறேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, காசிராஜன் உதட்டில் விரல் வைக்கிறார், வைத்துவிட்டுத் தன் விரலையே வெறுப்போடு பார்க்கிறார்.

‘வந்துச்சு தவமணி. அடிவாரம் வரைக்கும் வந்துச்சு,’ என்கிறார். ‘நீ சொல்லு தாயி. என்னால ஆகாது.’ மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்னக்கொடி என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். வாயில் வெற்றிலை வாசம். ‘நேத்து ராவே எங்க வீட்டுக்கு வந்துட்டா. சிரிச்சா, பேசுனா. பைய எடுத்துக்கிட்டுத்தான் கெளம்புனா. அடிவாரத்துல டீ குடிச்சோம், அவதான் காசு குடுத்தா. எல்லாரும் ஏறியாச்சு. அவ பலகையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஏறுடின்னேன். ஏறல.’

‘ஏன்?’

‘நான் ஏறுனா எறங்க மாட்டேன் அன்னக்கொடின்னா. அப்புறம் மறுபடி அவரு தூங்குறதப் பாத்துக்கிட்டே கெழவியாகணும்னா.’

ஞாயிற்றுக்கிழமைகளில். ஆமாம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை கிடையாது, எனக்கு ராத்திரி உண்டு, பகலில் படுத்திருப்பேன், எப்போதாவது பாதியில் விழிப்புத் தட்டினால் காலடியில் உட்கார்ந்திருப்பாள். ‘என்ன?’ என்பேன். ‘ஒண்ணுமில்ல, தூங்குங்க’ என்பாள். தூங்குவேன். தூங்கினேன். கொடுத்து வைத்தவன் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

‘எனக்குப் பகல் டூட்டி போட்டுட்டாங்க,’ என்கிறேன் அன்னக்கொடியிடம். ‘கார்த்திகையிலருந்து.’

அவள் என்னையே பார்க்கிறாள். ‘இத எப்ப சொன்னீங்க அவகிட்ட?’

‘நேர்ல சொல்லலாம்னு.’

‘ஏண்ணே,’ என்கிறாள், அவ்வளவுதான், கிசுகிசுப்பில் அதற்கு மேல் ஏசவும் முடியாது. பிறகு, ‘நாங்க கெளம்புறப்பவே பஸ்ஸு வந்துருச்சு. ஏறிட்டா. ஜன்னல் பக்கம் எடம் கெடச்சுது’ என்கிறாள், எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்பது போல. ஒரு விதத்தில் இருக்கிறது. ஜன்னல் பக்கம் என்றால் குமட்டாது.

‘வேற ஒண்ணும் சொல்லலையா?’

அன்னக்கொடி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுகிறாள், எடுக்கிறாள், மறுபடி செருகுகிறாள். ‘ஏங்கிட்ட ஒரு வேலை சொல்லிவிட்டா. எம்பக்கத்துச் செவத்த நீயே பூசுடி, வேற யாருகிட்டயும் விடாத. எங்கை தெரியாமப் பூசிருன்னா.’

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெண்கள் குளத்தடிக்குப் போகிறார்கள், சின்னப் பெண்ணின் கொலுசைக் கழற்றச் சொல்லி அன்னக்கொடி சைகை காட்டுகிறாள். நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன். வாசல் தட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கத்தலாம். கத்தினால் அறை அறையாக விளக்கு எரியும், வெள்ளை உடுப்புகள் வந்து நிற்கும், யாரும் பேச மாட்டார்கள், பத்து நாள் சங்கல்பம், என்னைச் சுற்றி நின்று கண்ணால் இரக்கப்படுவார்கள். கீழே பார்த்தால் பனிக்கு அடியில் ரோடு இருக்கிறது, ரோட்டில் பஸ் இருக்கிறது, திண்டுக்கல் தாண்டுமுன் அவள் தூங்கியிருப்பாள், பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுவாள், தலை கம்பியில் முட்டும். நான் அவள் தூங்கிப் பார்த்ததே பஸ்ஸில்தான். கை தெரியாமல். அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு வருஷமாக நான் எதை வைத்துக்கொண்டிருந்தேன் என்று. அதை எடுத்துவிடு என்கிறாள். கோபத்திலா சொன்னாள், அன்பிலா சொன்னாள், அன்னக்கொடியைக் கூப்பிட்டு எந்தக் குரலில் சொன்னாள் என்று கேட்கலாமா, கேட்டால் அவள் குரலை இவள் குரலில்தான் கேட்க வேண்டும். நனைக்காமல் விட்டுவிடலாம். நனைக்காத இடத்தில் பூச்சு நிற்காது, ஐப்பசியில் முதல் மழைச் சாரலிலேயே பட்டை பட்டையாக விழும், அடியில் இடதுபக்கம் சாய்ந்த செதில் மறுபடி வந்து நிற்கும். யாருக்கும் தெரியாது. காவல்காரன் ஒரு துண்டை மறந்துவிட்டான், அவ்வளவுதான். ஆனால் அன்னக்கொடிக்குத் தெரியும், கை வைத்ததும் தெரிந்துவிடும், ஒன்றும் சொல்ல மாட்டாள், அவள் பல்லடத்துக்குப் போன் பேசும்போது இதுவும் போய்ச் சேரும். அவர் நனைக்கலடி. அதைக் கேட்டுச் சௌந்தரம் விடுகிற மூச்சை, பார்க்காமலே, இந்தத் தடவை நான் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவள் வாழ்க்கையில் என்னிடம் கேட்டது ரொம்பக் கொஞ்சம். இதுகூட என்னிடம் கேட்கவில்லை.

ஹாலுக்கு வந்துவிட்டேன் போலிருக்கிறது. வெயில் இன்னும் இல்லை, வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வருகிறது, டார்ச் வேண்டியதில்லை, எல்லாம் தெரிகிறது. கட்டை விரல் அழுத்தின இடம், மோதிரம் இழுத்த சின்னக் கோடு, எட்டாமல் எம்பிப் பூசின மேல்வரிசை. கையை வைத்துப் பார்க்கவில்லை. குளத்தடியில் மண் மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள், சப் சப்பென்று கேட்கிறது. வாளியில் தண்ணீர் பாதிக்குமேல் இருக்கிறது, போதும். சலவைச் சட்டையைக் கழற்றி ஜன்னல் மூங்கிலில் மாட்டுகிறேன். மட்டையை முக்கி எடுத்து, உதறி, சொட்டு வடியும் வரை பிடித்திருந்து, குனிந்து, அடியிலிருந்து ஒத்துகிறேன். குடிக்கிறது. இன்னொரு தடவை.